பொகோட்டாவில் ஆறு நாள் தனியாக: அங்கே போய் வந்த, வாழ்ந்த பெண்கள் சொல்லுங்களேன்

சிறுவாணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 29, சொந்த ஊர் கோவை, வேலை சென்னையில். அடுத்த மாதக் கடைசியில் அலுவலகப் பயிற்சிக்காகக் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்கு அனுப்புகிறார்கள். பயிற்சி நான்கு நாள். அதுவரை தங்குமிடம், வண்டி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் போகிறோமே என்று, அது முடிந்ததும் ஆறு நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். அந்த ஆறு நாளும் நான் மட்டும்தான்.

ஹம்பி, ஷில்லாங், கொழும்பு என்று தனியாகப் போய் வந்திருக்கிறேன். அதனால் தனியாகப் போவது புதிதில்லை. ஆனால் இந்த ஊரைப் பற்றித் தேடத் தேட வயிற்றைக் கலக்குகிறது. அண்ணன் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான். யாரோ ஒருவர் விசிட்டிங் கார்டு நீட்டுவாராம், அதில் தடவியிருக்கும் பொடி பட்டால் சொன்னதையெல்லாம் செய்யும் பொம்மையாகிவிடுவோமாம். அம்மா ஒரு வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

லா கந்தெலாரியா என்ற பழைய நகரப் பகுதியில் ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். விலை குறைவு, அருங்காட்சியகங்கள் நடக்கும் தூரம். அங்கே தங்கலாமா? தெருவில் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தலாமா, செயலியில்தான் கூப்பிட வேண்டுமா? மொன்செர்ராத்தே மலைக்குப் படியேறிப் போக ஆசை, தனியாக ஏறலாமா? ஸ்பானிஷ் மூன்று மாதமாகப் படிக்கிறேன், விலை கேட்கவும் வழி கேட்கவும் வரும், பதில் புரியுமா என்பது சந்தேகம். உண்மை நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போகாதே என்பதாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, எனக்கும் உங்கள் வயதில் மகள் இருக்கிறாள், அந்த உரிமையில் சொல்கிறேன். மொழி தெரியாத ஊர், நமக்கென்று ஒரு ஆள் இல்லாத ஊர். பயிற்சி முடிந்ததும் அலுவலக ஆட்களோடு கிளம்பி வந்துவிடுங்கள். தென் அமெரிக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பிறகு ஒரு குழுவோடு போகலாம். ஊர் எங்கும் ஓடிவிடாது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொதிகைக் காற்று எழுதியது:

சிறுவாணி, நான் பாளையங்கோட்டைக்காரி. 2021 கடைசியிலிருந்து 2024 தொடக்கம் வரை பொகோட்டாவில் வேலை பார்த்தேன். சாப்பினேரோ பகுதியில், காயே 57 என்ற தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில் தனியாகக் குடியிருந்தேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நீளமாகவே எழுதுகிறேன். நான் போகும்போது இப்படி எழுதித் தர எனக்கு ஆள் இல்லை.

முதலில் வைகைக்கரை ஐயாவுக்கு. உங்கள் அக்கறை புரிகிறது ஐயா. ஆனால் அந்த ஊரிலும் லட்சக்கணக்கான பெண்கள் தினமும் தனியாக வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறார்கள். அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எதைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள், எந்தத் தெருவில் திரும்புவதில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் நானும் கற்றேன். ஆறு நாள் இருக்கப்போகிறவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

தங்குமிடத்தை மாற்றுங்கள். லா கந்தெலாரியா அழகான இடம், சந்தேகமே இல்லை. ஓட்டு வீடுகள், சுவரெங்கும் ஓவியம், கட்டணமே இல்லாத பொத்தேரோ அருங்காட்சியகம், பக்கத்திலேயே தங்க அருங்காட்சியகம். ஆனால் அது பகலின் ஊர். பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் மூடியதும் கடைக் கதவுகள் இறங்கிவிடும், மேட்டுத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். பொகோட்டா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுக்க மாலை ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். கோடைக்காலம், நீண்ட மாலை என்பதெல்லாம் அங்கே கிடையாது. அதனால் காலையில் அங்கே போங்கள், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். தங்குவதற்கு சாப்பினேரோவில் கிந்தா கமாச்சோ பக்கம், அல்லது இன்னும் வடக்கே பார்க்கே 93, உசாக்கேன். வாடகை கொஞ்சம் கூடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மூன்று தெரு நடந்து அறைக்குத் திரும்ப முடிவதற்கான விலை அது. தனியாகப் போகிறவளுக்கு அதுதான் பெரிய சௌகரியம்.

அடுத்து, மலை. ஊருக்குக் கிழக்கே சுவர் வைத்த மாதிரி மலைத்தொடர் நிற்கும். எங்கிருந்து பார்த்தாலும் மலை இருக்கும் பக்கம் கிழக்கு. மலைக்கு இணையாகத் தெற்கு வடக்காகப் போகும் சாலைகளுக்குக் கார்ரேரா என்று பெயர், மலையிலிருந்து விலக விலக எண் கூடும். குறுக்கே போகும் தெருக்கள் காயே, வடக்கே போகப் போக எண் கூடும். ஆக, காயே 57, 5-20 என்று ஒரு விலாசம் இருந்தால், 57-ஆவது தெருவில், ஐந்தாவது கார்ரேராவிலிருந்து சுமார் இருபது மீட்டரில் என்று அர்த்தம். இதை விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இது தெரிந்தால் தெருவில் நின்று போனை எடுத்து வரைபடம் பார்க்கத் தேவையே இருக்காது. நான் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன், அதற்கு ஒரு போனை விலையாகக் கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்த நான்காவது மாதம். செப்திமா என்று சொல்கிற ஏழாவது கார்ரேராவில், காயே 45 பக்கம், மாலை ஆறரை மணி. மழை விட்டிருந்தது. எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பார்க்கப் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்தவன் நிற்கக்கூட இல்லை. கை வெறுமையான பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரிந்தது. அலறிவிட்டேன். முனையில் அரேப்பா என்ற சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து என்னைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, சூடாக அகுவாபனேலா ஊற்றிக்கொடுத்தார். நம் வெல்லத் தண்ணீர்தான் அது, கை நடுக்கம் நிற்கும்வரை குடித்தேன். அவர் கனிவாகவே ஒன்று சொன்னார்: "தியோ பப்பாயா, சுமெர்சே." பப்பாளியைக் கொடுத்துவிட்டாயே அம்மா என்று.

இந்தச் சொல்லை நீங்கள் போன முதல் நாளே கேட்பீர்கள். "நோ தார் பப்பாயா", பப்பாளி கொடுக்காதே. கண்ணெதிரே நறுக்கி வைத்தால் எவனாவது எடுத்துத்தானே தின்பான், அதனால் இடம் கொடுக்காதே என்று பொருள். நடைமுறைக்கு அது சரியான புத்திமதிதான். போன் உள் பையில், முதுகுப் பை மார்பின் பக்கம், தங்கச் சங்கிலி சென்னையில். தெருவுக்கென்று ஒரு பழைய போன், நல்லது அறைப் பெட்டியில். செயலியில் வண்டி கூப்பிட வேண்டுமா, ஒரு கடைக்குள் போய் நின்று கூப்பிடுங்கள், வண்டி வாசலுக்கு வந்து எண் பலகையைச் சரிபார்த்த பிறகு வெளியே வாருங்கள். ஏடிஎம் என்றால் வணிக வளாகத்துக்குள் பகலில் மட்டும். யாராவது மறித்துக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இழுபறி வேண்டாம், கத்தி வைத்திருப்பார்கள். அதற்கென்றே சட்டைப் பையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பது என் வழக்கம்.

ஆனால் அந்தச் சொல்லின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புகார் கொடுக்கப் போன இடத்திலும் அதையே சொன்னார்கள், அலுவலகத்திலும் சொன்னார்கள். என் வீட்டுக்கார அம்மா ஒருவர்தான் "அடி பட்டதா?" என்று கேட்டார். எழுபது தாண்டியவர். அன்றிரவு அவர்தான் எனக்கு ரோசா எல்விரா செலி பற்றிச் சொன்னார். தெருவில் தின்பண்டம் விற்றுக்கொண்டு, இரவுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண். 2012 மே மாதம், உடன் படித்த ஒருவனே பார்க்கே நசியோனால் என்ற பெரிய பூங்காவில் அவரைச் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனான். குற்றுயிராகக் கிடந்தவர் தானே அவசர எண் 123-ஐ அழைத்து உதவி கேட்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். குடும்பம் நீதிமன்றம் போனபோது, 2016-இல் நகர நிர்வாகத்தின் ஒரு துறை தன் பதிலில், அந்த இரவில் அவர் உடன் படித்த இருவரோடு வெளியே போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதியது. நாடே கொதித்தது, அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, பெண் கொலையைத் தனிக் குற்றமாக்கும் 1761-ஆம் சட்டம் அவர் பெயரிலேயே வந்திருந்தது. எனவே பப்பாளியை மறைத்து வையுங்கள், நூறு முறை சொல்வேன். அதையும் மீறி ஏதாவது நடந்தால் "நீ ஏன் கொடுத்தாய்" என்று எவர் கேட்டாலும் அதை உங்களுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டாம். ஊரில் அம்மாவோ அண்ணனோ கேட்டாலும் அப்படித்தான்.

டாக்சிக்கு வருகிறேன். மஞ்சள் டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தவே கூடாது, பகலிலும்தான். "பசேயோ மியோனாரியோ" என்று ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் போனதும் இன்னும் இரண்டு பேர் வண்டியில் ஏறுவார்கள், ஒவ்வொரு ஏடிஎம்மாகக் கூட்டிப்போய்ப் பணம் எடுக்கவைப்பார்கள். அதனால் செயலி, இல்லையென்றால் விடுதிக்காரர்கள் போன் செய்து வரவழைக்கும் டாக்சி. போனில் வரவழைத்தால் ஓட்டுநர் "லா கிளாவே?" என்று கேட்பார். அழைத்த போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அது. அவர் கேட்கவில்லை என்றால் அது உங்கள் வண்டி இல்லை. விமான நிலையத்தில் உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர்களைக் கடந்து, வெளியே இருக்கும் அதிகாரபூர்வ வரிசைக்குப் போங்கள்.

பொடி விஷயம். பயம் பொய்யில்லை, கதைதான் மாறியிருக்கிறது. ஸ்கோபொலமைன் என்ற அந்த மருந்து நம் ஊமத்தையிலும் இருக்கிறது. அங்கே அதன் உறவு மரம் ஒன்று, பொர்ராச்சேரோ என்பார்கள், பூ கூம்பு மாதிரி தலைகீழாகத் தொங்கும், பொகோட்டாவின் தோட்டங்களிலேயே பார்க்கலாம். தருவது பெரும்பாலும் பானத்தில் கலந்துதான். 2023 கடைசியில் கொலம்பியாவின் இன்னொரு நகரமான மெதெயினில் அமெரிக்கர்கள் எட்டுப் பேர் சந்தேகத்துக்குரிய விதத்தில் இறந்துபோக, 2024 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டது. பலவற்றில் டேட்டிங் செயலிச் சந்திப்பு சம்பந்தப்பட்டிருந்தது. ஆகவே விசிட்டிங் கார்டு கொடுப்பவரைப் பார்த்து ஓட வேண்டாம், வாங்காமல் போனால் போதும். கண்ணில் இருந்து அகன்ற கோப்பையை மறுபடி தொட வேண்டாம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் அன்பாக நீட்டும் மிட்டாயும் வேண்டாம். அங்கே மக்கள் நிஜமாகவே அன்பானவர்கள், மறுக்கச் சங்கடமாக இருக்கும். "நோ, மூச்சாஸ் கிராசியாஸ்" என்று சிரித்தபடி சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. நீங்கள் கோவைக்காரர், தொட்டபெட்டா போயிருப்பீர்கள். அந்த உச்சி 2637 மீட்டர். பொகோட்டா நகரம் முழுக்க ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் கிடக்கிறது. முதல் இரண்டு நாள் தலை கனக்கும், படியேறினால் மூச்சு வாங்கும், தூக்கம் கெடும், ஒரு பியர் இரண்டு பியராக ஏறும். அந்த இரண்டு நாள் குடிக்கவே வேண்டாம். உயரத்தால் வரும் கிறுகிறுப்பு எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான், பிறகு ஒரு நாள் வேறு விதமாகத் தலை சுற்றினால் சட்டென்று சந்தேகம் வரும். அப்படி வந்தால் உடனே பணிப்பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள்: "மே சியேன்த்தோ மால், மே அயூதா." உடம்பு சரியில்லை, உதவுங்கள் என்று அர்த்தம்.

மொன்செர்ராத்தே, 3152 மீட்டர். தனியாக நடந்து ஏற வேண்டாம். அந்தப் பாதையிலும், லாஸ் ஆகுவாஸ் பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை போகும் சாலையிலும் வழிப்பறி நடந்திருக்கிறது. அடிவாரம் வரை வண்டியில் போய், கேபிள் காரிலோ மலை ரயிலிலோ ஏறுங்கள். நடந்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிறு விடியலில், கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு. பாட்டிகள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஏறுவார்கள், அவர்கள் நடுவே ஏறினால் பழனி படியில் ஏறுகிற மாதிரியே இருக்கும்.

ஞாயிறு என்றதும் நினைவு வருகிறது. உங்கள் ஆறு நாளில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கட்டும். ஞாயிறுகளிலும் அரசு விடுமுறைகளிலும் காலை 7 முதல் மதியம் 2 வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேலான பெருஞ்சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டு மக்களுக்கு விட்டுவிடுவார்கள். சிக்லோவியா என்று பெயர், 1970களிலிருந்து நடக்கிறது. என் போன் போன அதே செப்திமாவில் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். தனியாக ஓடும் பெண்கள், சறுக்குச் சக்கரத்தில் சிறுமிகள், நாயோடு கிழவிகள், ஆரஞ்சுச் சாறு பிழிபவர்கள். பூங்காக்களில் மேடை போட்டு ஒருவர் ஆட, முன்னால் முந்நூறு பேர் சேர்ந்து ஆடுகிறார்கள். அன்றுதான் அந்த ஊர் என் ஊராயிற்று. நான் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து உசாக்கேன் வரை போவேன், அங்கே ஞாயிற்றுச் சந்தை. தனியாக வந்த பெண்ணுக்கு பொகோட்டா தருகிற நல்ல காலைப்பொழுது அதுதான்.

கடைசியாக, போலீஸ். சாதாரண உடையில் வந்து "உங்கள் நோட்டு கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும்" என்றால் அது ஏமாற்று. பணப்பையைக் கொடுக்காதீர்கள். பேட்டைக்குப் பேட்டை சின்ன போலீஸ் நிலையம் இருக்கும், அதன் ஸ்பானிஷ் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் "கை" என்றுதான் சொல்வார்கள், நமக்கு மறக்காது. அங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், நகர்ந்துவிடுவார்கள். கடவுச்சீட்டின் நகல் போதும், அசல் அறையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 123. பெண்கள் மீதான வன்முறைக்கென்று நாடு முழுக்க 155. இரண்டையும் காகிதத்தில் எழுதி வையுங்கள், போன்தான் முதலில் போகும் பொருள்.

வல்லிபுரத்தாள் எழுதியது:

தங்கச்சி, நான் டொரொன்டோவில் இருக்கிறேன். 2023 ஜனவரியில் ஒன்பது நாள் தனியாகப் போய் வந்தேன், அப்போது எனக்கு 41 வயது. பொதிகைக் காற்று சொன்னது எல்லாம் சரி, தங்குமிடம் பற்றி மட்டும் எனக்கு வேறு அனுபவம். நான் கந்தெலாரியாவில்தான் இருந்தேன், பெண்களுக்கான அறை, நாலு கட்டில். ஒரு சிக்கலும் வரவில்லை. ஆனால் ஐந்தரைக்கு உள்ளே வந்துவிடுவேன், இரவுச் சாப்பாடு விடுதிச் சமையலறையில். அப்படி இருக்க உங்களுக்குச் சம்மதம் என்றால் அங்கே தங்கலாம். விடிய எழும்பி, 1816 இலிருந்து இருக்கிற லா புயெர்த்தா ஃபால்சாவில் சூடான சாக்கலேட்டும் சீஸும் சாப்பிட்டது இப்பவும் நாக்கில் இருக்கிறது. சீஸை சாக்கலேட்டுக்குள்ளேயே போட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

நான் சொல்ல வந்தது பேருந்தைப் பற்றி. டிரான்ஸ்மிலேனியோ என்ற அந்தச் சிவப்பு நீளப் பேருந்துகள் 2000 கடைசியிலிருந்து ஓடுகின்றன, தனிப் பாதை, தனி நிலையங்கள். மலிவு, வேகம். ஆனால் 2014 இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 16 பெருநகரங்களில் கேட்டபோது, பெண்களுக்கு மோசமான பொதுப் போக்குவரத்து என்று முதலில் வந்தது பொகோட்டா. டெல்லி நாலாவது. அதை வாசித்துவிட்டுத்தான் போனேன், இருந்தும் ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு ஏறிவிட்டேன். மூச்சு விட இடம் இல்லை. பின்னால் நின்றவன் சாய்கிறான், நகர்ந்தாலும் சாய்கிறான். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் மறந்து போச்சு. தமிழிலேயே "தள்ளி நில்லடா!" என்று கத்தினேன். ஒரு சொல்லும் விளங்காமலே பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருத்தி என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினா, மற்றவ அவனோடு சண்டைக்கே போயிட்டா. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டான். அதனால் எந்த மொழியில் வந்தாலும் சத்தமாகக் கத்துங்கோ. நெரிசல் நேரத்தில், காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை ஐந்திலிருந்து ஏழரை, ஏற வேண்டாம். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வடிவாக இருந்து போகலாம்.

மற்றது, குடை. மத்தியானத்துக்குப் பிறகு மழை சொல்லாமல் வரும். மழைக்கு ஒதுங்கி ஆளில்லாத ஒழுங்கையில் நிற்பதை விட நனைவது நல்லது.

சிறுவாணி எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பொதிகைக் காற்று அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரோசா எல்விரா பற்றிய இடத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்த மலை விஷயத்தை மறுபடி வாசி, கிழக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. செயலி வண்டியில் ஓட்டுநர் முன் இருக்கையில் உட்காரச் சொல்வார் என்று படித்தேன், உண்மையா? எனக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம், போவதற்கு முன் இங்கே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? விசா முடிந்துவிட்டது.

பொதிகைக் காற்று எழுதியது:

உண்மைதான். அந்தச் செயலி கார்களுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் இல்லாததால், போலீஸ் நிறுத்தினால் நண்பர் என்று சொல்வதற்காக முன்னால் வரச் சொல்வார்கள். பெரும்பாலும் வேறு எண்ணம் இருக்காது. ஆனாலும் நான் உட்கார்ந்ததில்லை. "ப்ரெஃபியேரோ அத்ராஸ், போர் ஃபாவோர்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிவிடுவேன், ஒத்துக்கொள்ளாதவரிடம் பயணத்தை ரத்து செய்துவிடுவேன். மஞ்சள் டாக்சியையே செயலியில் வரவழைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, அதில் பின்னால்தான் உட்காருவோம்.

ஒரு தடவை ஓட்டுநர் ஒருவர், தனியாக இருக்கிறாயா, வீட்டில் யார் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கணவர் வாசலில் நிற்கிறார் என்றேன். இல்லாத கணவர். வீட்டுக்கு நாலு தெரு முன்னாலேயே ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் இறங்கி, வரவேற்பறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, வேறு வண்டியில் போனேன். அன்றிலிருந்து இறங்கும் இடமாக என் வீட்டு விலாசத்தைப் போட்டதே இல்லை, எதிரே இருந்த மருந்துக்கடையைத்தான் போடுவேன். நீங்களும் விடுதியின் பெயரைப் போடாமல் பக்கத்துக் கட்டடத்தைப் போடலாம்.

போவதற்கு முன் முக்கியமான வேலை, மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொகோட்டாவின் உயரத்தில் அந்தக் கொசுவால் தொல்லை இல்லை. ஆனால் கொலம்பியாவிலிருந்து திரும்பி வருபவர்களிடம் இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, கடவுச்சீட்டோடு போங்கள். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள், கொலம்பியக் குடிவரவுத் துறையின் செக்-மிக் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அங்கே போனதும் தினமும் ஒரே நேரத்தில் அம்மாவுக்கு ஒரு செய்தி போடுங்கள். அங்கே காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை, அது இரண்டு பேருக்கும் ஒத்து வரும். இரவு நேரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் களைப்பில் தூங்கிப்போனேன், பாளையங்கோட்டையில் வீடே விடிய விடிய உட்கார்ந்திருந்தது.

சிறுவாணி எழுதியது:

கிந்தா கமாச்சோவில் அறை மாற்றிவிட்டேன் அக்கா, காயே 70 பக்கம். ஊசிக்கு வியாழக்கிழமை கிண்டிக்குப் போகிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறார். பழைய போனை அண்ணனே தேடி எடுத்துச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். என் ஆறு நாளில் ஞாயிறு வருகிறது, பார்த்துவிட்டேன்.